சுவரில் தொங்கும் செடி: 200 ஆண்டுப் பழைய தாவர ஓவியங்கள் இன்றும் ஏன் கவர்கின்றன?

புதிதாகச் சாவி வாங்கிய வீவக வீட்டுக்கு அண்மையில் போயிருக்கிறீர்களா? வெள்ளைச் சுவர், மர நிற மேசை, அதற்கு மேலே சட்டம் போட்ட ஒரு படம். பெரும்பாலும் ஒரே ஓர் இலை. இல்லாவிட்டால் கிளையோடு ஒரு பழம். பக்கத்திலேயே அதைப் பாதியாக வெட்டிய தோற்றம். கீழே சாய்ந்த எழுத்தில் ஏதோ லத்தீன் பெயர்.

"என்னம்மா இது, பயாலஜி புக்கைக் கிழிச்சு மாட்டி வச்சிருக்கியா?" என்று பாட்டி கேட்கலாம்.

பாட்டி சொல்வது கிட்டத்தட்ட உண்மை. பழைய பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் அசல் தாவரப் படங்களில் பல, 18ஆம், 19ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களிலிருந்து பக்கம் பக்கமாகப் பிரித்து எடுக்கப்பட்டவைதான். முழுப் புத்தகத்தை ஒருவரிடம் விற்பதைவிட, தனித்தனிப் பக்கமாக நூறு பேரிடம் விற்பது வியாபாரிக்கு லாபம். இன்று ஆன்லைனில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் 'போட்டானிக்கல் பிரிண்ட்' என்பது அப்படிப்பட்ட பக்கங்களின் மின்படத்திலிருந்து எடுத்த அச்சு.

செடியைப் பற்றிய பாடநூல் படம் எப்படி வரவேற்பறைக்கு வந்தது? வரும் வழியில் எதைத் தொலைத்துவிட்டு வந்தது?

அழகுக்காக வரைந்ததல்ல

தாவர ஓவியர் ஒருவர் ரோஜாவை வரைவதற்கும் மற்ற ஓவியர் வரைவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மற்றவருக்கு அந்த ஒரு ரோஜா போதும். தாவர ஓவியருக்கு அந்த 'இனம்' வேண்டும். எங்கோ இருக்கும் இன்னொருவர், அந்தச் செடியைப் பார்த்தே இராதவர், படத்தை வைத்துக்கொண்டு "இதுதான் அது" என்று அடையாளம் காணவேண்டும்.

அதனால் சில உத்திகள். ஒரே கிளையில் மொட்டு, பூ, காய், பழம் எல்லாம் இருக்கும். இயற்கையில் அவை ஒரே நாளில் சேர்ந்து வருவது அரிது. ஓவியர் பல வாரம், சில சமயம் பல மாதம் காத்திருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்திருப்பார். ஏதாவது ஓர் இலை மட்டும் திரும்பியிருக்கும். அது ஸ்டைலுக்காக அல்ல. இலையின் அடிப்பக்க நரம்பைக் காட்ட. பூவை நீளவாக்கில் பிளந்து, மகரந்தத்தாள் எத்தனை, சூலகம் எங்கே என்று கீழே சிறியதாகக் காட்டியிருப்பார்கள்.

பூச்சி கடித்த இலை, வாடிய ஓரம் போன்றவை பொதுவாக இருக்காது. புகைப்படம் எடுத்தால் அந்த ஒரு செடியின் எல்லாக் குறையும் விழும். ஓவியத்தில் தேவையானது மட்டும் நிற்கும். இன்றும் புதிய தாவர இனத்தை அறிவிக்கும் ஆய்வாளர்கள் புகைப்படத்தோடு கோட்டோவியத்தையும் சேர்த்து வெளியிடுவதற்கு இதுதான் காரணம்.

பின்னணியும் அப்படித்தான். வானம் இல்லை, மண் இல்லை, நிழல்கூட அதிகம் இல்லை. வெறும் தாள். அன்று அது அறிவியலுக்கான ஒழுங்கு. இன்று அதே வெறுமைதான் நம் சின்ன வீட்டுச் சுவருக்குப் பொருந்துகிறது. பல எண்ணெய் ஓவியங்கள் அறையையே பிடித்துக்கொள்ளும். 'என்னைப் பார்த்து நீ இப்படி உணரவேண்டும்' என்று கேட்கும். தாவரப் படம் எதையும் கேட்பதில்லை. செடியை நன்றாகப் பார் என்று மட்டும் சொல்கிறது. என்னைக் கேட்டால், அதன் கவர்ச்சியில் பாதி அங்கேதான் இருக்கிறது.

மலாக்காவில் ஓர் அதிகாரி, பெயர் தெரியாத ஓவியர்கள்

ஐரோப்பியத் தோட்டங்களைப் பற்றிய கதைகளை எங்கும் படிக்கலாம். நமக்குப் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது.

வில்லியம் ஃபார்க்குவார். பள்ளியில் படித்திருப்பீர்கள்: 1819 முதல் 1823 வரை சிங்கப்பூரின் முதல் நிர்வாக அதிகாரி. அதற்கு முன், 1803 முதல் 1818 வரை, அவர் மலாக்காவை நிர்வகித்தார். 'மலாக்கா ராஜா' என்ற பட்டப்பெயரே அவருக்கு உண்டு. செடி, விலங்கு, பறவை, மீன் என்று எதைப் பார்த்தாலும் அவருக்கு ஆர்வம். உள்ளூரில் கிடைத்தவற்றைக் கொண்டுவரச் செய்து, சீன ஓவியர்களை வைத்து வரையவைத்தார்.

அப்படி உருவானவை 477 நீர்வண்ண ஓவியங்கள். மங்குஸ்தீன், ரம்புத்தான், டுரியான், சாதிக்காய் என்று இந்த வட்டாரத்தின் சந்தையும் காடும் அதில் இருக்கின்றன. தாள் ஐரோப்பியத் தாள். கேட்டது அறிவியல் துல்லியம். வரைந்த கையோ சீன ஓவிய மரபில் பழகிய கை. விலங்குப் படங்கள் சிலவற்றில் பின்னால் தெரியும் பாறையையும் மலையையும் பாருங்கள். அது ஐரோப்பாவும் இல்லை, மலாக்காவும் இல்லை, சீன ஓவியத்திலிருந்து நேராக வந்து உட்கார்ந்த பாறை! தாவரப் படங்களிலும் இலை வளையும் விதத்தில், கிளையை வெட்டி நிறுத்திய இடத்தில், அந்தக் கையின் பழக்கம் தெரிகிறது.

ஓவியங்களில் மலாய்ப் பெயர்களும் எழுதப்பட்டிருக்கின்றன. இது சின்ன விஷயம் இல்லை. லண்டனில் இருக்கும் அறிஞருக்கு லத்தீன் பெயர் போதும். ஆனால் அந்தச் செடியை முதலில் அடையாளம் காட்டியவர்கள், எதற்கு உதவும், எங்கே முளைக்கும் என்று சொன்னவர்கள் இங்கிருந்த மக்கள். மலாய்ப் பெயர்தான் அவர்களுடைய பங்குக்குச் சாட்சி.

எல்லாம் சரி, வரைந்தவர்கள் யார்? தெரியாது. ஒரு பெயர்கூடப் பதிவாகவில்லை. எத்தனை பேர் என்பதும் தெரியாது. மலாக்காவிலேயே குடியிருந்தவர்களா, சீனாவிலிருந்து வந்துபோனவர்களா என்பதும் உறுதியில்லை. தொகுப்புக்கு இன்று வழங்கும் பெயர் 'வில்லியம் ஃபார்க்குவார் இயற்கை வரலாற்று ஓவியத் தொகுப்பு'. ஒரு கோடுகூட வரையாதவரின் பெயர்.

இதில் ஃபார்க்குவாரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அன்றைய கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் பலரும் இதே வேலையைச் செய்தார்கள். ஆர்வம் உண்மையானது; அதோடு கணக்கும் உண்டு. எந்த மரம் பணம் தரும், எந்த நறுமணப் பொருளை வேறு எங்கே பயிரிடலாம் என்பது கம்பெனிக்கு முக்கியம். சாதிக்காய்க்காகவும் கிராம்புக்காகவும் போர் நடந்த வட்டாரம் இது.

எரிந்தவை, தப்பியவை

ஃபார்க்குவாரின் மேலதிகாரி ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸும் இதே பித்துப் பிடித்தவர்தான். அவரும் ஓவியர்களை வைத்துச் சேர்த்தார். 1824 பிப்ரவரி 2ஆம் தேதி, பெங்கூலுவிலிருந்து 'ஃபேம்' என்ற கப்பலில் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அன்று இரவே கப்பல் தீப்பிடித்தது. உயிர் தப்பினார்கள். குறிப்புகள், உயிரின மாதிரிகள், சுமார் 2,000 ஓவியங்கள் எல்லாம் கடலோடு போயின.

ராஃபிள்ஸோடு மோதி 1823இல் பதவி இழந்த ஃபார்க்குவாரின் படங்களோ பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தன. அவற்றை அவர் லண்டனின் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டிக்குக் கொடுத்தார். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தன. 1993இல் சொசைட்டி அவற்றை லண்டனில் ஏலத்துக்கு விட்டது. தனித்தனியாகப் போயிருந்தால் இன்று உலகம் முழுக்க 477 சுவர்களில் சிதறியிருக்கும். சிங்கப்பூர்ப் பங்குத் தரகர் ஜி.கே. கோ மொத்தமாக வாங்கினார். விலை சுமார் 3 மில்லியன் வெள்ளி. பிறகு அவற்றைத் தேசிய அரும்பொருளகத்துக்கே கொடுத்துவிட்டார்.

2011இல் அரும்பொருளகத்தில் இவற்றுக்கென்றே ஒரு கூடம் திறக்கப்பட்டது. கோவின் தந்தை கோ செங் சூவின் பெயர் அதற்கு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காட்ட முடியாது. நீர்வண்ணம் வெளிச்சம் பட்டால் மங்கும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, மங்கலான விளக்கில், மாற்றி மாற்றி வைப்பார்கள். 2016இல் ஜப்பானின் 'டீம்லேப்' குழு இவற்றில் 69 படங்களை அசையும் காட்டாக மாற்றி அரும்பொருளகத்தின் கண்ணாடி வட்டக்கூடத்தில் ஒளிபரப்பியது. மேலிருந்து உதிரும் பூக்களுக்கு நடுவே எத்தனை பேர் செல்ஃபி எடுத்திருப்போம்! அந்தப் பூக்களை முதலில் வரைந்தவர் பெயரை நாம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்காது.

பெயர் தப்பிய இருவர்

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. மெட்ராஸில் கம்பெனி மருத்துவராகவும் தாவரவியலாளராகவும் இருந்த ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லந்துக்காரர் இரண்டு தென்னிந்திய ஓவியர்களோடு பல ஆண்டுகள் வேலை செய்தார். ஒருவர் ரங்கையா, மற்றவர் கோவிந்து. 1838 முதல் 1853 வரை வைட் வெளியிட்ட 'ஐகோனெஸ்' என்ற ஆறு தொகுதி நூலில் 2,101 படங்கள் உண்டு. அச்சானதும் மெட்ராஸில்தான். தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிப் படிப்பவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.

அந்தப் படங்கள் பலவற்றின் கீழே ஓவியரின் பெயர் அச்சாகியிருக்கிறது. கோவிந்துவுக்கு வைட் இன்னும் ஒரு படி மேலே போய், ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தூயா' என்று பெயர் வைத்தார். பின்னாளில் வகைப்பாடு மாறி, அந்தச் செடி 'ட்ரொப்பிடியா' என்ற வேறு பேரினத்துக்குள் போய்விட்டது. ஆகவே இப்போது அந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. ஆனாலும் தாவரவியல் பதிவேட்டில் பழைய பெயரும் அழியாமல் இருக்கும். அதுதான் அந்தத் துறையின் விதி. மலாக்கா ஓவியர்களுக்கு இந்த அளவுகூடக் கிடைக்கவில்லை.

நம் சிங்கப்பூர்ப் பூமலையிலும் இந்த மரபு தொடர்ந்தது. 1890களிலிருந்து இலங்கையின் டி அல்விஸ் குடும்ப ஓவியர்கள் இங்கே வேலை செய்தார்கள். பிறகு ஜுரைமி சம்சூரி போன்றவர்கள் வந்தார்கள். 2021இல் கேலப் பகுதியில் 'இன்வர்டரட்' என்ற பழைய பங்களாவைத் தாவர ஓவியக் கூடமாக்கியிருக்கிறது பூமலை. ஆர்க்கிட் பார்க்கப் போகும் கூட்டத்தில் பத்தில் ஒருவராவது அங்கே ஏறிப் போகலாம். மேட்டில் இருக்கிறது, வெயிலில் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.

கீழ் ஓரத்தில் என்ன இருக்கிறது?

இப்போது பிரிண்ட் வாங்கும் விஷயத்துக்கு வருவோம்.

பழைய அச்சுப் படத்தில் கீழ் ஓரத்தில் பொடி எழுத்து இருக்கும். இடப்பக்கம் ஒரு பெயரும் 'டெல்' என்ற சுருக்கமும். 'டெலினியாவிட்', அதாவது 'வரைந்தார்'. வலப்பக்கம் இன்னொரு பெயரோடு 'ஸ்கல்ப்' என்று இருந்தால், 'செதுக்கினார்'. ஓவியத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கியவர் அவர். 'லித்' என்று இருந்தால் கல் அச்சு. வண்ணம் பூசியவர்களின் பெயர் மட்டும் வராது. ஒரே படத்தின் நூற்றுக்கணக்கான பிரதிகளைக் கையாலேயே வண்ணம் தீட்டியவர்கள் அவர்கள். அதனால்தான் ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதிகளில் ஒரே பூ கொஞ்சம் வேறு சிவப்பில் இருக்கும்.

இன்று விற்பனைக்கு வரும் மலிவான பிரிண்டுகளில் முதலில் வெட்டப்படுவது இந்தக் கீழ் ஓரம்தான். எழுத்து 'டிசைனைக்' கெடுக்கிறதாம். செடியின் பெயர், ஓவியர் பெயர், ஆண்டு எல்லாம் போய், ஓர் இலை மட்டும் மிஞ்சும். அதற்கு மேல், பழையது போலத் தோன்றப் பழுப்பு நிறத்தைக் கணினியில் ஏற்றிவிடுகிறார்கள். இலையின் பச்சையும் மாறிப் போகிறது. எந்தப் பச்சை என்பதைச் சரியாகப் பிடிக்க அந்த ஓவியர் எவ்வளவு பாடுபட்டிருப்பார்!

பெயர் போனால் கதையும் போகும். ஓர் உதாரணம் போதும். மரியா சிபில்லா மேரியன் என்ற பெண் ஓவியர் 1699இல் தென் அமெரிக்காவின் சூரினாமுக்குப் போனார். 1705இல் அவர் வெளியிட்ட நூலில் 60 படங்கள். அதில் ஒன்று மயில்கொன்றை. ஆமாம், நம் ஊர் வேலியோரத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்குமே, அதே செடிதான். அழகான பிரிண்ட், நிறைய விற்கிறது. படத்தோடு அவர் எழுதிய குறிப்பு வேறு மாதிரி: தோட்டங்களில் அடிமையாக இருந்த பெண்கள், தங்கள் பிள்ளைகளும் அடிமையாகக் கூடாது என்று, அதன் விதையைத் தின்று கருவைக் கலைத்தார்கள். அதை அந்தப் பெண்களே தன்னிடம் சொன்னதாகப் பதிவு செய்திருக்கிறார். படுக்கையறைச் சுவரில் அந்தப் படத்தை மாட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மாட்டுபவருக்கு அது தெரிந்திருந்தால் நல்லது.

காசு கொடுக்காமலும் மாட்டலாம்

பழைய தாவரப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இப்போது காப்புரிமை இல்லை. சிங்கப்பூர்ச் சட்டப்படி ஓவியங்களுக்கான காப்புரிமை பொதுவாக ஓவியர் இறந்து 70 ஆண்டு வரைதான். 'பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி' என்ற இணைய நூலகத்தில் பல நூற்றாண்டுப் புத்தகங்களை முழுசாகப் பார்க்கலாம், பக்கங்களை இறக்கிக்கொள்ளலாம். 1787இல் தொடங்கி இன்னும் வெளிவரும் 'கர்ட்டிஸ்' தாவர இதழின் பழைய தொகுதிகளும் அங்கே உண்டு. ஃபார்க்குவார் தொகுப்பின் படங்களை நம் தேசிய மரபுடைமைக் கழகத்தின் 'ரூட்ஸ்' இணையத்தளத்தில் பார்க்கலாம். ஆனால் அரும்பொருளகம் எடுத்த புகைப்படத்துக்குத் தனி நிபந்தனை இருக்கும். அச்சிடுவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள். விற்கப்போகிறீர்கள் என்றால் கட்டாயம் படியுங்கள்.

அச்சிடும்போது கோப்பின் அளவு முக்கியம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், ஏ3 தாளுக்குச் சுமார் 3,500க்கு 5,000 பிக்சல் வேண்டும். இதில் பாதி இருந்தாலும் தூரத்திலிருந்து பார்க்க ஒப்பேறும், ஆனால் இலை நரம்பு கலங்கும். தாவரப் படத்தில் நரம்பு கலங்கினால் என்ன மிச்சம்? தாள் பளபளப்பில்லாத, அமிலம் நீக்கிய தாளாக இருக்கட்டும். கீழ் ஓரத்தை வெட்டவேண்டாம் என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் 'பார்டரைச்' சரி செய்கிறேன் என்று வெட்டிவிடுவார்கள்.

அசல் பழைய படம் என்று யாராவது விற்றால்? படத்தைச் சுற்றித் தாளில் லேசாக அமுங்கிய கோடு தெரிகிறதா என்று பாருங்கள். செப்புத் தகட்டை அழுத்தி அச்சிட்டதன் தடம் அது. கல் அச்சுக்கு அந்தத் தடம் இருக்காது. உருப்பெருக்கியில் பார்த்தால் ஒரே சீராக வரிசை கட்டிய வண்ணப் புள்ளிகள் தெரிகின்றனவா? அப்படியானால் அது நவீன அச்சு, விலை என்னவாக இருந்தாலும் சரி. முழுப் புத்தகத்தைப் பிரித்து விற்பவர்களிடம் வாங்கலாமா என்பது தனிக் கேள்வி. ஏற்கனவே பிரிந்து கிடக்கும் பக்கத்தை வாங்குவதில் தவறில்லை என்பார்கள் சிலர். வாங்க ஆள் இருப்பதால்தானே பிரிக்கிறார்கள் என்பார்கள் மற்றவர்கள். எனக்கு இரண்டாமவர்கள் பக்கம்தான் சாய்வு. அதுவும் நல்ல மின்படம் இலவசமாகக் கிடைக்கும் காலத்தில்.

கடைசியாக நம் ஊர்ச் சிக்கல்: ஈரப்பதம். கண்ணாடியோடு தாள் ஒட்டிக்கொண்டிருந்தால் பூஞ்சை பிடிக்கும், பழுப்புப் புள்ளி விழும். இடையில் அட்டை 'மவுண்ட்' வைத்துச் சட்டம் போடச் சொல்லுங்கள். மாலை வெயில் நேராக அடிக்கும் சுவர் வேண்டாம். குளியலறைக்குப் பக்கத்துச் சுவரும் வேண்டாம். சட்டத்தின் பின்பக்கம் செடியின் பெயர், எந்த நூல், எந்த ஆண்டு என்று பென்சிலால் எழுதி வைத்தால், வீடு மாறும்போது படத்தோடு அந்த விவரமும் கூடவே வரும். பாட்டி கேட்டால் பதிலும் சொல்லலாம்.